முப்பாட்டியோடு தப்பித்தல்: அடிமைமுறைக் காலத்துக்குப் போகும் காலப்பயண நாவலை எழுத முழுமையான வழிகாட்டி

இன்றைய பேத்தி ஒருத்தி பின்னோக்கிப் போகிறாள். அடிமையாக வைக்கப்பட்டிருந்த தன் முப்பாட்டியைச் சந்திக்கிறாள். இருவரும் தப்புகிறார்கள். இந்த வகை நாவல் ஒன்றை எழுதி முடித்த பிறகு, இதே வகையில் முயன்ற பலருடைய வரைவுகளையும் படித்தேன். ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பேத்தி கடந்த காலத்துக்குள் விழும் காட்சியை முதலில் எழுதிவிடுகிறார்கள், ஏனென்றால் அதுதான் மனதில் முதலில் வருகிறது. ஐம்பது பக்கம் போனதும், தேர்ந்தெடுத்த ஆண்டில் அந்தச் சட்டமே இல்லை, அந்த ஊரில் அந்தப் பயிரே விளையவில்லை என்று தெரிகிறது. எழுதியதைத் திருத்தவும் மனம் வராது, விடவும் மனம் வராது.

ஆகவே இங்கே வரிசைதான் முக்கியம். விழும் காட்சி ஐந்தாவது படியில்தான் வருகிறது. எடுத்துக்காட்டுக்கு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தை எடுத்துக்கொள்கிறேன். அங்கிருந்து தப்பியவர்களே எழுதியும் சொல்லியும் விட்டுப்போன சாட்சியங்கள் நிறைய இருக்கின்றன.

1. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

அடிமைமுறையைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைத் தொடும் முன், அதை வாழ்ந்து தப்பியவர்கள் எழுதியதையும் சொன்னதையும் படியுங்கள். மூன்று நூல்கள் போதும், ஆனால் பென்சிலோடு படிக்க வேண்டும்.

ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாறு மேரிலாந்தின் அன்றாடத்தைத் தருகிறது. ஹாரியட் ஜேக்கப்ஸ் 1861இல் வெளியிட்டது ஒரு பெண்ணுக்கு மட்டும் நேரும் அச்சங்களைச் சொல்கிறது. வட கரோலினாவில், மூன்றடி உயரமே உள்ள கூரையறைக்குள் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தவர் அவர். மூன்றாவது, வில்லியம் ஸ்டில் 1872இல் வெளியிட்ட பதிவுகள். பென்சில்வேனியா மாநிலத்தின் ஃபிலடெல்பியாவுக்குத் தப்பி வந்தவர்களை உட்காரவைத்து, யார், எங்கிருந்து, யாரை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டு எழுதியவர் ஸ்டில். 1850இல், விலை கொடுத்து விடுதலை பெற்று வந்து தன் குடும்பத்தைத் தேடிய ஒருவரிடம் கேட்டுக்கொண்டே போனபோது, எதிரில் இருப்பது தன் சொந்த அண்ணன் பீட்டர் என்பது அவருக்குத் தெரியவந்தது. உங்கள் நாவலின் கரு அந்த ஒரு நிகழ்வுக்குள்ளேயே இருக்கிறது.

1936 முதல் 1938 வரை அரசுத் திட்டம் ஒன்றில் எடுக்கப்பட்ட 2,300க்கும் மேற்பட்ட நேர்காணல்களும் உண்டு. அவற்றை நான்காவதாக வையுங்கள். பேசியவர்களில் பெரும்பாலோர் அடிமைக்காலத்தில் சிறுவர்களாக இருந்தவர்கள். கேட்டவர்களில் பலர் வெள்ளையர்கள். வறுமையில் இருக்கும் ஒரு முதியவர், வெள்ளைக்காரர் முன்னால் எதைச் சொல்வார், எதை விழுங்கிவிடுவார் என்று யோசித்துக்கொண்டே படியுங்கள்.

இவை தவிர, கதை நடக்கும் கவுண்டியின் (மாநிலத்துக்குள் உள்ள மாவட்டம்) பழைய வரைபடம் ஒன்று, எந்தத் தேதி என்ன கிழமை என்று காட்டும் பழைய நாட்காட்டி, பிறைக்கணக்கு. மூன்று நோட்டுகள்: குடும்பத்துக்கு ஒன்று, விதிகளுக்கு ஒன்று, தப்பும் வழிக்கு ஒன்று. ஒரே நோட்டில் எழுதினால் எது நீங்கள் கற்பனை செய்தது, எது நடந்தது என்பது நாளடைவில் கலந்துவிடும்.

2. ஒரு கவுண்டி, ஓர் ஆண்டு: இரண்டையும் பூட்டுங்கள்

"உள்நாட்டுப் போருக்கு (1861-65) முன்" என்று வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். ஆண்டு மாறினால் கதையின் முடிவே இடம் மாறும்.

1849இல் அடிமைமுறை இல்லாத பென்சில்வேனியாவின் எல்லையைத் தாண்டியவர் ஓரளவு மூச்சுவிடலாம். 1793ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமையாளர் தேடி வரலாம்தான், ஆனால் வடக்கு மாநிலங்கள் பல அதற்கு ஒத்துழைக்க மறுத்தன. 1850 செப்டம்பரில் தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்கும் புதிய சட்டம் வந்ததும் நிலைமை தலைகீழ். உதவி செய்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும். பிடிபட்டவரைத் திருப்பி அனுப்பத் தீர்ப்பளித்தால் வழக்கை விசாரிக்கும் ஆணையருக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். பிடிபட்டவர் தன் தரப்பைச் சொல்லச் சாட்சிக்கூண்டில் ஏறவும் முடியாது. ஆக, 1851இல் நடக்கும் கதை ஃபிலடெல்பியாவில் முடிய முடியாது. கனடா வரை போக வேண்டும். 1834 ஆகஸ்ட் முதலே பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்திருந்ததால் அங்கே அந்தச் சட்டம் செல்லாது.

இடத்தில் எல்லாரும் செய்யும் தவறு பருத்தி. கறுப்பின அடிமைகள் என்றதும் வெள்ளை வெளேரென்ற பருத்திக்காடு கண்ணில் வந்துவிடுகிறது. செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரையில் உள்ள டார்செஸ்டர், டால்பட் கவுண்டிகளில் அந்தக் காலத்தில் கோதுமை, சோளம், மரம் வெட்டுதல், மீன்பிடித்தல் இவைதான் வேலை. சுற்றிலும் சதுப்பும் ஆற்றுக்கழிகளும். அங்கே அடிமையாகப் பிறந்து, தப்பி, பிறகு திரும்பி வந்து பலரைத் தப்பவைத்த ஹாரியட் டப்மன் சிறுமியாக இருந்தபோது, குளிர்காலச் சதுப்பு நீரில் இறங்கி மஸ்க்ராட் என்ற நீரெலிக்கு வைத்த பொறிகளைப் பார்த்துவர அனுப்பப்பட்டார். உங்கள் முப்பாட்டியின் கைகால்களில் என்ன தழும்பு இருக்கும் என்பதை அந்த மண்தான் முடிவு செய்கிறது.

இன்னொன்று. மேரிலாந்தில் கறுப்பின மக்கள் எல்லாரும் அடிமைகளாக இருக்கவில்லை. 1860 கணக்கெடுப்பில் அடிமைகள் 87,189 பேர், விடுதலை பெற்றவர்களும் சுதந்திரமாகவே பிறந்தவர்களும் 83,942 பேர். கணவன் சுதந்திர மனிதன், மனைவி அடிமை என்ற குடும்பங்கள் சாதாரணம். இது தெரியாமல் எழுதினால் பாதி ஊர் உங்கள் கதையில் காணாமல் போகும்.

3. வம்சாவளியைப் பேத்தியிலிருந்து பின்னோக்கிக் கட்டுங்கள்

முப்பாட்டியிடமிருந்து தொடங்கிக் கீழே வராதீர்கள். நிஜத்தில் யாரும் அப்படித் தேடுவதில்லை. இன்றைய ஆவணங்களில் தொடங்கி, எந்த இடத்தில் தடம் அறுகிறது என்று பார்த்துப் போகிறார்கள். அறுபடும் அந்த இடம்தான் உங்கள் காலப்பயணத்தின் வாசல்.

படிகள் இப்படிப் போகும். 1880 கணக்கெடுப்பில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் குடும்பத்தலைவருக்கு என்ன உறவு என்று எழுதியிருக்கும். 1870இல் பெயர் இருக்கும், உறவு இருக்காது. முன்பு அடிமைகளாக இருந்தவர்கள் எல்லாரும் பெயரோடு பதிவான முதல் கணக்கெடுப்பு அதுதான். அதற்கு முந்தைய 1860, 1850 அடிமைப் பட்டியல்களில், சில விதிவிலக்குகள் தவிர, உரிமையாளரின் பெயர் மட்டுமே உண்டு. அதன் கீழே வயது, பாலினம், நிறம். "பெண், 19, கறுப்பு." அவ்வளவுதான். வம்சாவளி தேடுபவர்கள் இதை 1870 சுவர் என்கிறார்கள்.

சுவருக்குப் பின்னால் எட்டிப்பார்க்கச் சில ஓட்டைகள் உண்டு. உரிமையாளரின் உயில், அவர் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியல், விற்பனைப் பத்திரம், ஓடிப்போனவரைப் பிடித்துத் தந்தால் பரிசு என்று வந்த பத்திரிகை விளம்பரம். போருக்குப் பின் 1865 முதல் 1874 வரை இயங்கிய விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கியின் பதிவேடுகள் எனக்குப் பெரிய உதவியாக இருந்தன. கணக்குத் தொடங்கியவரின் பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்கள், சிலசமயம் பழைய உரிமையாளரின் பெயர்கூட அவற்றில் இருக்கும். உங்கள் பேத்தியின் கையில் இவற்றில் ஒன்றைக் கொடுங்கள். ஒன்றே ஒன்று. எல்லாம் கிடைத்துவிட்டால் அவள் ஏன் பின்னோக்கிப் போக வேண்டும்?

தலைமுறைக் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். 1990இல் பிறந்த பேத்திக்கும் 1830இல் பிறந்த முப்பாட்டிக்கும் நடுவே 160 ஆண்டுகள். ஐந்தாறு தலைமுறை வரும். ஆறாம் தலைமுறையில் ஒருவருக்கு 64 முன்னோர்கள். அந்த 64 பேரில் ஏன் இவளிடம் போய் விழுகிறாள் என்ற கேள்விக்கு விடை வேண்டும். "அவள்தான் முக்கியமானவள்" என்பது விடை ஆகாது.

பெயர்களில் கவனம். உரிமையாளரின் குடும்பப் பெயரைத்தான் அடிமைகள் சுமந்தார்கள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பலருக்குத் தங்களுக்குள் வழங்கிய சொந்தக் குடும்பப் பெயர் இருந்தது, உரிமையாளர் அதை எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். தப்பியவர்கள் பெயரை மாற்றவும் செய்தார்கள். டக்ளஸ் பிறந்தபோது பெய்லி, தப்பியபின் ஜான்சன், அப்புறம்தான் டக்ளஸ். டப்மன் பிறந்தபோது அரமிண்டா ராஸ். ஆகவே பேத்தி தேடிக்கொண்டிருக்கும் பெயரும், அங்கே போய்க் கேட்கும் பெயரும் வேறு வேறாக இருக்கலாம். ஒரு நல்ல முடிச்சு இங்கே இலவசமாகக் கிடைக்கிறது.

கடைசியாக, வெள்ளைக்கார முன்னோர். வர்ஜீனியாவில் 1662இல் வந்த சட்டம் குழந்தையின் நிலை தாயைப் பொறுத்தது என்றது. மற்ற காலனிகளிலும் நாளடைவில் அதே வழக்கம் நிலைத்தது. அடிமைப் பெண்ணிடம் உரிமையாளன் வன்முறையால் பெற்ற பிள்ளையும் அவனுடைய சொத்து என்பதே அதன் பொருள். பேத்தியின் 64 பேரில் அவனும் இருக்கக்கூடும். அதை ஒளிக்காதீர்கள், காதல் கதையாகவும் மாற்றிவிடாதீர்கள். நான் படித்த வரைவுகளில் எனக்கு மிகவும் வலித்தது இந்த இடம்தான். மறுக்க உரிமையே இல்லாத ஒருத்தியின் வாழ்க்கை அது.

4. காலப்பயண விதிகளை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

வரலாறு பூட்டப்பட்ட பிறகுதான் மாயம். முதலில் மாயத்தைத் தீர்மானித்தால், அதற்குத் தோதாக வரலாற்றை வளைக்கத் தோன்றும்.

எது அவளை இழுக்கிறது, எது திருப்பி அனுப்புகிறது? அங்கே ஒரு வாரம் கழிந்தால் இங்கே எவ்வளவு? உடம்பில் பட்ட காயம் கூட வருமா? கையில் இருப்பது கூடப் போகுமா? நடந்ததை மாற்ற முடியுமா? இந்த ஐந்துக்கும் ஒவ்வொரு வரியில் விடை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

காயம் கூட வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சவுக்கடி இங்கே வந்ததும் மறைந்துவிடும் என்றால் பேத்தி வெறும் பார்வையாளர். படிக்கிறவருக்கும் பயம் போய்விடும்.

திரும்பும் வழி அவள் கட்டுப்பாட்டில் இருக்கக் கூடாது. நினைத்தால் திரும்பலாம் என்றால், முப்பாட்டிக்கு இல்லாத வாசல் ஒன்று பேத்திக்கு எப்போதும் திறந்திருக்கும். இரண்டு பேரும் ஒரே இருட்டில் நடப்பதாக யாரும் நம்ப மாட்டார்கள்.

பொருள்கள் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. கைபேசி வேலை செய்யாது, சரி. ஆனால் மருந்துப் பெட்டி, லைட்டர், கத்தி என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்தால் தப்பித்தல் சுலபமாகிவிடும். கைக்கடிகாரம்கூடக் குழப்பும். அமெரிக்க ரயில்வேக்கள் ஒரே சீரான நேரத்துக்கு மாறியது 1883 நவம்பரில். அதற்கு முன் ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் சூரிய நேரம்.

5. விழுந்த முதல் மணிநேரம்

இப்போது அந்தக் காட்சியை எழுதலாம். எழுதும்போது ஒரே கேள்வி: அவளைப் பார்க்கும் முதல் ஆள் என்ன நினைப்பார்?

துணையில்லாமல், காகிதமில்லாமல் சாலையில் நிற்கும் கறுப்பினப் பெண்ணை ஓடிப்போனவள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சுதந்திரமானவர்கள் கவுண்டி நீதிமன்றத்தில் வாங்கிய விடுதலைச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். அதில் உயரம், நிறம், தழும்புகள் எல்லாம் எழுதியிருக்கும். அடிமையாக இருப்பவர் வெளியே போனால் உரிமையாளர் எழுதிக்கொடுத்த அனுமதிச் சீட்டு வேண்டும். இரண்டும் இல்லாத பேத்திக்கு முன்னால் இருப்பது சிறை, அல்லது அதைவிட மோசமாக, ஆள் கடத்தித் தெற்கே விற்பவர்கள்.

புதியவர்கள் இந்த இடத்தில் பேத்தியை வாயடிக்க விடுகிறார்கள். "நான் சுதந்திரமானவள், எனக்கு உரிமை இருக்கிறது" என்று ஒரு பக்க வசனம். அங்கே அதைக் கேட்க யாரும் இல்லை. அவளை வாயடைத்து நிற்கவிடுங்கள், பார்க்கவிடுங்கள். அவளுடைய நேரான பற்களும், உழைப்பில் காய்க்காத கைகளும், பேச்சின் சாயலும் அவளைக் காட்டிக்கொடுக்கட்டும். முதலில் அவளைக் காப்பாற்றுவது முப்பாட்டியாக இருந்தால் நல்லது. யார் யாருக்கு வழிகாட்டி என்பது அங்கேயே நிலைபெற்றுவிடும்.

6. ஓடுவதற்கு முன் அவர்களை வாழவிடுங்கள்

இரண்டாவது அத்தியாயத்திலேயே ஓட்டம் தொடங்கினால், எதிலிருந்து ஓடுகிறார்கள் என்பது தெரியாது. கதைக்குள் குறைந்தது ஒரு மாதம் அங்கே இருக்கட்டும்.

டக்ளஸ் தான் வளர்ந்த பண்ணையின் கணக்கைச் சொல்கிறார்: வளர்ந்தவருக்கு மாதம் எட்டு பவுண்டு பன்றி இறைச்சி அல்லது அதற்கு ஈடான மீன், ஒரு புஷல் (சுமார் 35 லிட்டர் கொள்ளும் அளவு) சோளமாவு. ஆண்டுக்கு இரண்டு முரட்டுச் சணல்நூல் சட்டை, ஒரு சோடிக் காலணி, இன்னும் சில துணிகள். வேலைக்குப் போகாத சிறுவருக்குச் சட்டை இரண்டு மட்டும். அது கிழிந்தால் அடுத்த ஆண்டு வரை ஒன்றுமில்லை. இந்த எண்களைத் தகவலாகக் கொட்டாமல் வேலைக்கு வையுங்கள். மாதத்துக்கு இவ்வளவுதான் மாவு என்றால், பயணத்துக்கு மிச்சம் பிடிக்க எத்தனை வாரம் அரைவயிறு கிடக்க வேண்டும்? தப்பிக்கும் முடிவு எடுத்த நாளை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.

அடி, உதை மட்டும் காரணமாக இருக்க வேண்டாம். ஸ்டில் பதிவுகளில் திரும்பத் திரும்ப வரும் அச்சம் விற்கப்படுவது. மேரிலாந்து, வர்ஜீனியா போன்ற, தெற்கின் வடபகுதி மாநிலங்களிலிருந்து பருத்தி, கரும்புப் பகுதிகளுக்கு உள்நாட்டு வணிகத்திலும் உரிமையாளர்களோடும் கொண்டுபோகப்பட்டவர்கள் சுமார் பத்து லட்சம் பேர். உரிமையாளர் இறந்தாலோ கடன்பட்டாலோ குடும்பம் ஏலத்துக்கு வரும். ரிச்மண்டில் ஹென்றி பிரவுன் தப்ப முடிவெடுத்தது, கர்ப்பிணி மனைவியையும் பிள்ளைகளையும் விற்று அனுப்பிய பிறகு. உங்கள் கதையிலும் ஒரு மரணம், ஒரு கடன், ஒரு வியாபாரியின் வருகை வரட்டும். எப்போது ஓடுவது என்பதை அதுவே தீர்மானிக்கும்.

7. தப்பித்தலை இரவு இரவாகத் திட்டமிடுங்கள்

நாவலின் முதுகெலும்பு இது. மூன்றாவது நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஓர் இரவு. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, கிழமை, நிலவு, கடந்த தூரம், குடித்த தண்ணீர், தின்றது, பகலில் படுத்த இடம், பார்த்த ஆள். இதில் ஒன்று காலியாக இருந்தாலும் அந்த இரவை நீங்கள் இன்னும் யோசிக்கவில்லை என்று பொருள்.

முதலில், முடிவு எடுப்பது யார்? முப்பாட்டிதான். பேத்திக்கு 1865இல் எல்லாம் முடியும் என்று தெரியும், மேரிலாந்தில் அதற்கும் முன்பே, 1864 நவம்பர் 1இல் அடிமைமுறை ஒழியும் என்றும் தெரியும். ஆனால் எந்த ஓடையில் எப்போது நீர் ஏறும், எந்த வீட்டு நாய் குரைக்கும், யாரை நம்பலாம் என்பது தெரியாது. நான் படித்த வரைவுகளில் பாதிக்கு மேல் பேத்தி வரலாற்று அறிவை வைத்து எல்லாரையும் காப்பாற்றினாள். அதில் முப்பாட்டி வெறும் சுமையாகிவிடுகிறாள். தன் துணிச்சலால் தப்பிய ஒரு மனுஷியிடமிருந்து அந்தத் துணிச்சலையே எழுத்தாளர் பறித்துக்கொள்கிறார். இதை மட்டும் செய்யாதீர்கள்.

காலம். டப்மன் பெரும்பாலும் இரவு நீளமான குளிர்கால மாதங்களைத் தேர்ந்தெடுத்தார். மக்கள் வீட்டுக்குள் அடைந்திருக்கும் காலம். சனிக்கிழமை இரவு கிளம்பினால், ஞாயிறு வேலை இல்லாததால் தேடுவதற்கும் விளம்பரம் அச்சாவதற்கும் தாமதமாகும். ஆனால் இதை விதியாக்க வேண்டாம். டப்மன் தன் இரண்டு சகோதரர்களோடு முதன்முதலில் கிளம்பிய 1849 செப்டம்பர் 17 ஒரு திங்கட்கிழமை. விளம்பரத்தின் தேதியோ அக்டோபர் 3. அவர்கள் வேறொருவரிடம் வேலைக்கு வாடகையாக விடப்பட்டிருந்ததால், இல்லாமல் போனது உரிமையாளருக்கு உடனே தெரிந்திருக்காது என்பது ஒரு விளக்கம். சகோதரர்கள் பாதியில் மனம் மாறித் திரும்ப, அவரும் திரும்பி வந்து, பின்னர் தனியாகக் கிளம்பினார். தோற்றுப்போன முதல் முயற்சிக்கு உங்கள் கதையிலும் இடம் கொடுங்கள்.

தூரம். டார்செஸ்டரிலிருந்து பென்சில்வேனியா எல்லை சுமார் 90 மைல். இடையில் உள்ள டெலவேரும் அடிமை மாநிலம்தான். அங்கே நுழைந்ததும் கொண்டாடும் காட்சியை இரண்டு வரைவுகளில் பார்த்துவிட்டேன். இருட்டில், சதுப்பில், சாலையைத் தவிர்த்து நடப்பவருக்கு நான் ஓர் இரவுக்கு ஐந்து முதல் பத்து மைல் கணக்கு வைத்துக்கொண்டேன். அப்படியானால் ஒன்பது முதல் பதினெட்டு இரவுகள். வடக்கைக் காட்டும் வட துருவ விண்மீன் மேகமூட்டத்தில் தெரியாது. அந்த இரவுகளில் என்ன செய்தார்கள் என்று எழுதினால்தான் மற்ற இரவுகள் நம்பும்படி இருக்கும்.

கூட வருபவர்கள். கைக்குழந்தை இருந்தால் திட்டம் முழுவதும் மாறும். அழாமல் தூங்க, டப்மன் குழந்தைகளுக்கு அபின் கலந்த மருந்து கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. வயதானவர் இருந்தால் வண்டி வேண்டும். யாரை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். அது ஓடும்போதெல்லாம் கூடவே வரும்.

வழிமுறை. நடந்துதான் தப்ப வேண்டும் என்று இல்லை. டக்ளஸ் 1838 செப்டம்பர் 3 அன்று பால்டிமோரில் ரயிலேறினார். மாலுமி உடை, ஒரு சுதந்திர மாலுமியிடம் கடன் வாங்கிய காகிதம். காகிதத்தில் இருந்த உருவ விவரம் அவருக்குப் பொருந்தவே இல்லை, சோதித்தவர் உற்றுப் பார்க்கவில்லை. ஒரு நாளுக்குள் நியூயார்க். பிரவுன் 1849இல் மூன்றடி நீளப் பெட்டிக்குள் தன்னை அடைத்துக்கொண்டு 27 மணிநேரத்தில் ஃபிலடெல்பியாவுக்குச் சரக்காகப் போய்ச் சேர்ந்தார். 1848 டிசம்பரில் எலன் கிராஃப்ட் நோயாளி வெள்ளைக்கார இளைஞனாக வேடமிட்டு, கணவரை வேலையாளாகக் கூட்டிக்கொண்டு ஜார்ஜியாவிலிருந்து வந்தார். எழுதத் தெரியாது, விடுதிகளில் கையெழுத்துக் கேட்பார்களே என்று வலது கையைத் தூளியில் கட்டிக்கொண்டார். இந்த மாதிரி ஒரு சின்ன முன்யோசனை பத்துத் துரத்தல் காட்சிகளுக்குச் சமம்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது 1850 டிசம்பரில் நடந்தது. டப்மனின் உறவுப்பெண் கெசயாவும் அவளுடைய இரண்டு குழந்தைகளும் டார்செஸ்டர் கவுண்டியின் கேம்பிரிட்ஜ் ஊர் நீதிமன்ற வாசலில் ஏலத்துக்கு வந்தார்கள். சுதந்திர மனிதரான அவளுடைய கணவரே ஏலம் கேட்டு வென்றார். பணம் கட்டக் கூப்பிட்டபோது ஆளைக் காணவில்லை. படகில் குடும்பத்தோடு பால்டிமோருக்கு, அங்கே காத்திருந்த டப்மனிடம். கணவன், மனைவி, உறவு, படகு, நீதிமன்ற நடைமுறை எல்லாம் சேர்ந்து செய்த தப்பித்தல் அது. உங்கள் திட்டமும் இப்படி உள்ளூர்க்காரர் அறிவில் நிற்கட்டும்.

தவிர்க்க வேண்டியவை சில. "நிலத்தடி ரயில்பாதை" என்பது தப்புவோரை மறைத்து அனுப்பிய, பெரும்பாலும் ஆட்களும் வீடுகளும் கொண்ட ஏற்பாட்டுக்கு வைத்த பெயர், வீட்டுக்கு வீடு சுரங்கம் தோண்ட வேண்டாம். ஒட்டுப்போட்ட மெத்தை விரிப்புகளில் ரகசியக் குறிகள் தைத்துத் தொங்கவிட்டார்கள் என்ற கதை 1990களின் இறுதியில் பரவியது, அக்காலச் சான்று எதுவும் அதற்கு இல்லை. உதவியவர்கள் எல்லாரும் வெள்ளையர் என்றும் காட்டாதீர்கள். படகோட்டிகள், சுதந்திரக் கறுப்பினக் குடும்பங்கள், இன்னும் அடிமையாகவே இருந்து ஒரு கை மாவு கொடுத்தவர்கள், இவர்கள் இல்லாமல் பலரால் எல்லை தாண்டியிருக்க முடியாது.

8. கடந்த காலத்தை மாற்றும் சிக்கல்

முப்பாட்டி தப்பினால்தான் பேத்தி பிறப்பாள் என்று வைத்தால் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. தப்பாமல் இருந்தால்தான் பேத்தி பிறப்பாள் என்று வைத்தால் பேத்தியின் ஒவ்வொரு உதவியும் அவளையே அழிக்கும். இரண்டாவது வலிமையானது, ஆனால் கையாளக் கடினம்.

நான் மூன்றாவது ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். எது நடந்தது என்பது பேத்திக்கே தெரியாது. 1870 சுவர் அதற்காகவே இருக்கிறது. பட்டியலில் "பெண், 19" என்று ஒரு வரி 1850இல் இருக்கிறது, 1860இல் இல்லை. தப்பினாளா, விற்கப்பட்டாளா, இறந்தாளா? ஆவணத்தில் உள்ள ஓட்டைக்குள் கதையை வைத்தால், நடந்ததாகத் தெரிந்த எதையும் நீங்கள் மீற வேண்டியதில்லை.

9. தமிழில் எழுதும்போது

ஆங்கிலத்தில் இல்லாத ஒரு கருவி நம்மிடம் இருக்கிறது: நீ, நீங்கள். யார் யாரை எப்படி அழைக்கிறார் என்பதை முதல் அத்தியாயத்துக்கு முன்பே பட்டியல் போடுங்கள். எழுபது வயது அடிமை முதியவரைப் பத்து வயது வெள்ளைச் சிறுவன் "நீ" என்பான், முதியவர் அவனை "நீங்க" என்பார். மூத்த கறுப்பினத்தவரை மிஸ்டர், மிஸஸ் என்று மரியாதையாக அழைப்பதைத் தவிர்க்கவே வெள்ளையர்கள் "அங்கிள்", "ஆன்ட்" என்றார்கள். அதை மாமா, அத்தை என்று தமிழாக்கினால் பாசமாகிவிடும். "அங்கிள்" என்றே விட்டுவிடுங்கள்.

முப்பாட்டிக்கு வயது 19, பேத்திக்கு 30 என்றால் யார் யாரை என்னவென்று கூப்பிடுவது? முப்பாட்டி அவளை "அக்கா" என்று கூப்பிடத் தொடங்கும் இடம், பேத்தி முதன்முறை வாய்தவறிப் "பாட்டி" என்று சொல்லிவிடும் இடம், இரண்டையும் முன்பே குறித்து வையுங்கள். முழு நாவலும் அந்த இரண்டு சொற்களில் தொங்கும்.

"துரை", "கங்காணி" வேண்டாம். படிப்பவரின் மனம் உடனே தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விடும். எசமான், மேற்பார்வையாளர் போதும். அடிமை மக்களைக் கொச்சைத் தமிழிலும் எசமானரைச் செந்தமிழிலும் பேசவைப்பது பெரிய தவறு. தங்களுக்குள் பேசும்போது அவர்கள் கூர்மையாக, வேடிக்கையாக, முழுமையாகப் பேசட்டும். எசமானர் முன்னால் வரும்போது வாக்கியம் சுருங்கட்டும். அந்த மாற்றமே ஒரு தற்காப்பு.

10. திரும்பி வந்தபின், முதல் வரைவு முடிந்தபின்

பேத்தி திரும்பும் இடத்தில் அவசரம் வேண்டாம். உடம்பில் தழும்பு, காலில் சதுப்பு நிலத்துப் புண், பூட்டாத கதவைப் பார்த்தால் பயம். அவள் அதே ஆவணத்தை மறுபடி எடுத்துப் பார்க்கட்டும். காகிதத்தில் ஓர் எழுத்தும் மாறியிருக்க வேண்டாம், அவள் படிக்கும் விதம் மாறியிருந்தால் போதும்.

வரைவு முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஏழாம் படியில் எழுதிய இரவுகளை மட்டும் தனியாக எடுத்து, பேத்தி பேசிய, செய்த எல்லாவற்றையும் பென்சிலால் அடித்துவிட்டுப் படியுங்கள். முப்பாட்டி அப்போதும் எல்லை வரை நடந்து போகிறாளா? எந்த இரவில் அவள் நின்றுவிடுகிறாளோ, அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி எழுதத் தொடங்குங்கள்.